சம்மர் டெர்ம்ல கேம்பஸ்லயே தங்கி படிக்கிறது எப்படி? ரிஜிஸ்டர் பண்றதுல இருந்து ரூம் சாவிய திருப்பி குடுக்கற வரைக்கும்

மார்ச் மாசம் பொறந்தா போதும், அமெரிக்கால படிக்கிற நம்ம பசங்க எல்லாருக்கும் ஒரே யோசனை தான், சம்மருக்கு ஊருக்கு போலாமா, இன்டர்ன்ஷிப் தேடலாமா, இல்ல கேம்பஸ்லயே இருந்து ரெண்டு கோர்ஸ முடிச்சுடலாமான்னு. நான் ரெண்டு சம்மர் கேம்பஸ் டார்ம்லயே (ஹாஸ்டல்) தங்கி படிச்சிருக்கேன். முதல் சம்மர் ரொம்ப கஷ்டப்பட்டேன், ரெண்டாவது சம்மர் நிஜமாவே சந்தோஷமா போச்சு. யுனிவர்சிட்டி அதே தான், பில்டிங் கூட அதே தான். ரெண்டாவது தடவ கேலண்டர எடுத்து வச்சு நாள எண்ணி பாத்துட்டு அப்புறமா தான் ஒவ்வொரு முடிவும் எடுத்தேன், அது ஒண்ணு தான் மாறுச்சு. கோர்ஸ் ஆகட்டும், ரூம் ஆகட்டும், விசா ஆகட்டும், எல்லாமே கடைசில நாள் கணக்குல தான் வந்து நிக்கும், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன்.

எந்த செஷன், எத்தன வாரம்?

சம்மர் டெர்ம்னு பொதுவா சொல்றோமே தவிர அதுக்குள்ள பல செஷன் இருக்கு. ஒரே யுனிவர்சிட்டிலயே 5 வாரம், 6 வாரம், 8 வாரம், 10 வாரம், 12 வாரம்னு தனித்தனியா ஓடும். ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில ஏ, பி, சின்னு பேரு வச்சிருக்காங்க, ஏவும் பியும் 6 வாரம், சி முழு சம்மருக்கும் போகும். கலிஃபோர்னியாவோட பெர்க்லி யுனிவர்சிட்டில 3 வாரத்துலயே முடியற செஷன் கூட உண்டு. அதனால "சம்மர்ல இந்த கோர்ஸ் இருக்கா"ன்னு மட்டும் பாக்காதீங்க, எந்த தேதில தொடங்கி எந்த தேதில முடியுதுன்னு பாருங்க, ரெண்டு கோர்ஸ் எடுத்தா அது ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுதா இல்ல அடுத்தடுத்து வருதான்னு பாருங்க.

சம்மர் கோர்ஸ்னா கொஞ்சம் லேசா இருக்கும், ப்ரொஃபசர் விட்டு குடுப்பாருன்னு ஒரு நெனப்பு நிறைய பேருக்கு இருக்கு. அப்படி எதிர்பாத்து உள்ள போகாதீங்க. ஹார்வர்ட் 1871லயே சம்மர் ஸ்கூல் ஆரம்பிச்சிருச்சு, சிகாகோ யுனிவர்சிட்டி 1892ல திறந்தப்போ அதோட முதல் பிரசிடென்ட் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் வருஷத்தையே நாலு குவார்ட்டரா பிரிச்சு, அதுல சம்மரையும் மத்த மூணுக்கு சமமான ஒரு குவார்ட்டரா வச்சார். இன்னைக்கும் டார்ட்மத் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் முடிஞ்ச சம்மர்ல அந்த பேட்ச் கேம்பஸ்ல இருந்து படிக்கணும், அது டிகிரியோட ஒரு பகுதி. ஃப்ளோரிடாவோட அரசு யுனிவர்சிட்டிகள்ல 60 கிரெடிட்டுக்கு (கோர்ஸோட அளவு, கணக்கு கீழ சொல்றேன்) கம்மியா உள்ள வந்தவங்க டிகிரி முடிக்கறதுக்குள்ள சம்மர்ல 9 கிரெடிட்டாவது எடுத்திருக்கணும்னு விதியே இருக்கு. கிரெடிட்டும் அதே, டிரான்ஸ்கிரிப்ட்ல (மார்க் ஷீட்) விழற கிரேடும் அதே.

இப்போ கணக்குக்கு வரேன், இத பொறுமையா படிங்க. ஃபெடரல் விதிப்படி ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு 1 மணி நேரம் கிளாஸ், அதுக்கு மேல குறைஞ்சது 2 மணி நேரம் வெளில நீங்களா படிக்கிறது, இப்படி சுமார் 15 வாரம். அப்போ 3 கிரெடிட் கோர்ஸுக்கு வாரம் 9 மணி நேரம், மொத்தமா 135 மணி நேரம். சம்மர்ல இந்த 135 அப்படியே தான் இருக்கும், வாரம் தான் குறையும். 10 வார செஷன்ல வாரத்துக்கு பதிமூன்றரை மணி நேரம், 6 வாரத்துல இருபத்திரண்டரை மணி நேரம், 5 வாரத்துல 27 மணி நேரம். 6 வார செஷன்ல ஒரே நேரத்துல ரெண்டு கோர்ஸ் போட்டீங்கன்னா வாரம் 45 மணி நேரம், அதாவது முழு நேர வேலைக்கும் மேல. அதோட 6 வார செஷன்ல ஒரு வாரம் ரெகுலர் செமஸ்டரோட ரெண்டரை வாரத்துக்கு சமம், மூணு நாள் காய்ச்சல்ல படுத்தீங்கன்னா ஒன்றரை வார பாடம் போயிடும்.

என் முதல் சம்மர்ல நான் பண்ணது அது தான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒண்ணு, புரோகிராமிங் ஒண்ணு, ரெண்டும் அதே 6 வாரத்துல. ரெண்டாவது வாரம் வியாழக்கிழமை ராத்திரி லைப்ரரில உக்காந்து ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறேன், மூணாவது வாரம் திங்கக்கிழமை காலைல ஸ்டாட்ஸ் மிட்டெர்ம், அதே நாள் ராத்திரி 11:59க்கு புரோகிராமிங் ப்ராஜெக்ட். நடுவுல மூணு நாள் தான் இருக்கு. ஒரு கோர்ஸ டிராப் பண்ணிடலாம்னு போர்ட்டல திறந்தா டிராப் தேதி அஞ்சு நாள் முன்னாடியே முடிஞ்சிருச்சு. கிளாஸ் தொடங்கி ரெண்டு வாரம் கூட ஆகல, அதுக்குள்ள எப்படி முடிஞ்சிருக்கும்னு திரும்ப திரும்ப அந்த பக்கத்தையே பாத்துட்டு இருந்தேன். ரெகுலர் செமஸ்டர்ல ரெண்டு வாரம் இருக்கற அவகாசம் சம்மர்ல சில நாளா சுருங்கிடும்ங்கறது எனக்கு அன்னைக்கு தான் உறைச்சுது.

விசா விஷயம், எஃப்-1ல (ஸ்டூடன்ட் விசா) இருக்கறவங்க இத தாண்டி போகாதீங்க

ஒரு முழு அகாடெமிக் வருஷம் முடிச்சிருந்து, அடுத்த ஃபால்ல (ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல தொடங்கற செமஸ்டர்) திரும்ப படிக்க போறீங்கன்னா சம்மர் உங்களுக்கு லீவு கணக்கு. ஒரு கோர்ஸ் கூட எடுக்க வேண்டிய அவசியம் இல்ல, ஒண்ணே ஒண்ணு எடுத்தாலும் தப்பில்ல. ஆனா ரெண்டு வகை ஆளுங்களுக்கு இது பொருந்தாது. உங்க புரோகிராமே சம்மர்ல தான் தொடங்குதுன்னா முதல் டெர்ம்ங்கறதால ஃபுல் டைமா எடுத்தே ஆகணும், சம்மர்ல ஃபுல் டைம்னா எத்தன கிரெடிட்னு உங்க யுனிவர்சிட்டி தான் சொல்லும். இன்னொண்ணு சம்மர்லயே டிகிரி முடியறவங்க. மிச்சம் இருக்கற கோர்ஸ் மட்டும் எடுத்தா போதும், ஆனா கம்மி லோடுக்கு டி.எஸ்.ஓ (யுனிவர்சிட்டில விசா விஷயம் பாக்கற ஆஃபீசர்) கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதுலயும் ஒரே ஒரு கோர்ஸ் தான் பாக்கி இருக்குன்னா அது முழுசா ஆன்லைன்ல இருக்க கூடாது. கடைசி கோர்ஸ ஆன்லைன்ல போட்டுட்டு ஊருக்கு போய் உக்காந்துக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க.

கேம்பஸ் வேலை செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரைக்கும் தான், லீவுல அதுக்கு மேல பண்ணலாம். சம்மர் உங்களுக்கு லீவு டெர்ம், ஆனா ஒரு கோர்ஸும் எடுக்கறீங்க, அப்போ 20க்கு மேல போலாமாங்கற கேள்வி வரும். இத சீனியர் சொன்னான்னு முடிவு பண்ணாம டி.எஸ்.ஓவுக்கு ஒரு ஈமெயில் போட்டு பதில எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி (படிக்கும்போதே படிப்போட சேத்து வேலை பாக்க குடுக்கற அனுமதி) எடுக்கறவங்க நிறைய யுனிவர்சிட்டில அதுக்குன்னே ஒரு கோர்ஸ்ல சேரணும், அதுக்கு தனியா ஃபீஸ் வரும். ஃபுல் டைம் சி.பி.டி 12 மாசம் ஆயிடுச்சுன்னா அதே லெவல் டிகிரிக்கு ஓ.பி.டி (படிப்பு சம்பந்தமா, பெரும்பாலும் டிகிரி முடிச்சப்புறம் வேலை பாக்கற அனுமதி) கிடைக்காம போயிடும், அதனால சம்மர் சம்மரா எத்தன மாசம் ஆச்சுன்னு ஒரு இடத்துல எழுதி வைங்க.

அப்புறம் ரொம்ப பேரு மறக்கறது அட்ரஸ். ஸ்பிரிங்ல (மே வரைக்கும் போற செமஸ்டர்) ஒரு டார்ம், சம்மர்ல வேற டார்ம், ஃபால்ல அபார்ட்மென்ட்னு மூணு தடவ மாறுவீங்க, ஒவ்வொரு தடவையும் 10 நாளுக்குள்ள புது அட்ரஸ் சொல்லணும். பெரும்பாலான இடத்துல ஸ்டூடன்ட் போர்ட்டல்ல மாத்துனா போதும், அஞ்சு நிமிஷ வேலை. செஷனுக்கு நடுவுல ஊருக்கு போறீங்கன்னா ஐ-20ல (யுனிவர்சிட்டி குடுக்கற விசா பேப்பர்) டிராவல் கையெழுத்து ஒரு வருஷத்துக்குள்ள வாங்குனதான்னு பாத்துக்கோங்க, சம்மர்ல அந்த ஆஃபீஸ்லயும் பாதி பேரு லீவுல இருப்பாங்க.

கோர்ஸ் தேர்ந்தெடுக்கறது

சம்மருக்கு ஒத்து வர்ற கோர்ஸ் எதுன்னு கேட்டா என் அனுபவத்துல தினமும் கொஞ்சம் கொஞ்சமா பண்ணி பழகற பாடம் எல்லாம் நல்லா வரும். கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, புது மொழி கத்துக்கறது, இதெல்லாம் தினமும் கிளாஸ் இருக்கறதால மறக்கறதுக்கு நேரமே இருக்காது, செமஸ்டர்ல திங்கக்கிழமை படிச்சத புதன்கிழமை மறந்துட்டு போற மாதிரி ஆகாது. ஊறப்போட்டு யோசிக்க வேண்டிய பாடம் தான் சிரமம். 20 பக்க ரிசர்ச் பேப்பர், பெரிய குரூப் ப்ராஜெக்ட், வாரம் ஒரு புத்தகம் படிக்க சொல்ற லிட்ரேச்சர் கோர்ஸ், இதெல்லாம் 6 வாரத்துல மூச்சு முட்டும். லேப் உள்ள ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மாதிரி கோர்ஸ் எடுக்கறீங்கன்னா தயவு செஞ்சு அத மட்டும் தனியா எடுங்க, லேப் நேரமும் ரிப்போர்ட்டும் சேந்து நாள் பூரா அதுக்கே போயிடும்.

ரெண்டு கோர்ஸ் எடுத்தே ஆகணும்னா ஒண்ண முதல் செஷன்லயும் இன்னொண்ண ரெண்டாவது செஷன்லயும் போடுங்க. ஒரே செஷன்ல தான் ரெண்டும் கிடைக்குதுன்னா ஒண்ணு கனமானது ஒண்ணு லேசானதுன்னு கலந்து எடுங்க, ரெண்டு கனமான கோர்ஸ் வேண்டவே வேண்டாம்.

ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி அட்வைசர் கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த கோர்ஸ் என் டிகிரில எந்த கட்டத்துல போய் உக்காரும்? ஆள் கம்மின்னா கேன்சல் ஆகுமா, ஆகும்னா எப்போ தெரியும்? ஃபால்ல எடுக்க போற கோர்ஸுக்கு இது ப்ரீரெக்விசிட்னா (முன்னாடியே முடிச்சிருக்க வேண்டிய கோர்ஸ்) கிரேடு அதுக்குள்ள சிஸ்டத்துல ஏறிடுமா? இந்த கடைசி கேள்வி முக்கியம். ரெண்டாவது செஷன் ஆகஸ்ட்ல முடியும், நிறைய யுனிவர்சிட்டில ஃபால் ஆகஸ்ட் கடைசிலயே தொடங்கிடும், நடுவுல இருக்கறது சில நாள் தான். ப்ரீரெக்விசிட் கோர்ஸ முதல் செஷன்ல முடிக்கறது தான் நிம்மதி. கேன்சல் ஆச்சுன்னா எடுக்கறதுக்கு ஒரு மாற்று கோர்ஸ் கையில வச்சிருங்க, சம்மர்ல இது சாதாரணமா நடக்கும்.

பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி காலேஜ்ல அதே கோர்ஸ் ரொம்ப கம்மி ஃபீஸ்ல கிடைக்கும், அது நல்ல வழி தான். ஆனா டிரான்ஸ்ஃபர் ஆகுமான்னு எழுத்துல உறுதி வாங்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க. கலிஃபோர்னியால அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, அங்க எந்த காலேஜோட எந்த கோர்ஸ் எந்த யுனிவர்சிட்டில எதுக்கு சமம்னு போட்டிருப்பாங்க. பெரும்பாலான இடத்துல கிரெடிட் தான் வரும், கிரேடு உங்க ஜி.பி.ஏல (மொத்த கிரேடோட சராசரி) சேராது, ஜி.பி.ஏ ஏத்தணும்ங்கறவங்க சொந்த யுனிவர்சிட்டில எடுக்கறது தான் சரி. எஃப்-1ல இருந்தா வெளில எடுக்கறதுக்கு முன்னாடி டி.எஸ்.ஓ கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

பணம்

ரெகுலர் செமஸ்டர்ல நிறைய யுனிவர்சிட்டில 12 கிரெடிட்டுக்கு மேல ஒரு அளவு வரைக்கும் எடுத்தாலும் ஒரே ஃபீஸ். சம்மர்ல அப்படி இல்ல, ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனியா போடுவாங்க, அதுக்கு மேல ஹெல்த், டெக்னாலஜி, லேப்னு சின்ன சின்ன ஃபீஸ் சேரும். ஸ்காலர்ஷிப் இருக்கறவங்க லெட்டர எடுத்து படிச்சு பாருங்க, பெரும்பாலும் ஃபாலும் ஸ்பிரிங்கும் மட்டும் தான் எழுதி இருக்கும். டி.ஏ, ஆர்.ஏ (டீச்சிங், ரிசர்ச் அசிஸ்டன்ட்) வேலைல டியூஷன் வெய்வர் (ஃபீஸ் தள்ளுபடி) இருக்கறவங்களும் அது சம்மருக்கு வருமான்னு டிபார்ட்மென்ட்ல தனியா கேக்கணும், சம்பளம் வரும் வெய்வர் வராது, இல்ல ரெண்டுமே ப்ரொஃபசரோட ஃபண்டிங்க பொறுத்ததுன்னு இடத்துக்கு இடம் மாறும்.

சிட்டிசன், கிரீன் கார்டு இருக்கற பிள்ளைங்களுக்கு வேற வழி இருக்கு. 2017ல இருந்து பெல் கிராண்ட் (வருமானம் கம்மியா இருக்கற அண்டர்கிராஜுவேட் பசங்களுக்கு அரசு குடுக்கற, திருப்பி கட்ட வேண்டாத உதவி) சம்மருக்கும் திரும்ப கிடைக்குது, ஒரு வருஷத்துக்கு ஒதுக்கறதுல 150 சதவீதம் வரைக்கும். ஃபெடரல் லோன் வேணும்னா அண்டர்கிராஜுவேட்டுக்கு பொதுவா 6 கிரெடிட்டாவது எடுக்கணும். எஃப்-1ல வந்தவங்களுக்கு இது ரெண்டும் கிடையாது.

ரீஃபண்ட் தேதிய டிராப் தேதி பக்கத்துலயே எழுதிக்கோங்க, சில இடத்துல ரெண்டும் ஒரே நாள் இருக்காது. முழு ரீஃபண்ட் முதல் சில நாளுக்கு தான், அப்புறம் பாதி, அப்புறம் கால், அப்புறம் ஒண்ணும் இல்ல.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் சம்மருக்கும் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. சில யுனிவர்சிட்டில ஸ்பிரிங்ல கட்டுனதே ஆகஸ்ட் வரைக்கும் ஓடும், சில இடத்துல சம்மருக்கு தனியா எடுக்கணும், கிளாஸ் எடுக்கலன்னா ஹெல்த் சென்டருக்குள்ள போறதுக்கே தனி ஃபீஸ்னு வச்சிருக்கற இடமும் உண்டு. அமெரிக்கால ஒரு எமர்ஜென்சி ரூம் பில் வந்தா சம்மர் ஃபீஸ விட பெருசா இருக்கும், இதுல மட்டும் அலட்சியமா இருக்காதீங்க.

ரூம்

ஸ்பிரிங் ரூம் கான்ட்ராக்ட் ஃபைனல் எக்ஸாமோட முடிஞ்சிடும். சம்மருக்கு தனியா அப்ளை பண்ணணும், தனி கான்ட்ராக்ட், பெரும்பாலும் வேற பில்டிங். ஏன்னா சம்மர்ல யுனிவர்சிட்டி பாதி டார்ம மூடி ரிப்பேர் பண்ணும், மீதில பாதிய கான்ஃபரன்ஸுக்கும் ஸ்போர்ட்ஸ் கேம்புக்கும் வாடகைக்கு விடும், மிச்சம் இருக்கறது தான் நமக்கு. ஹவுசிங் போர்ட்டல் எப்போ திறக்கும்னு பிப்ரவரிலயே பாத்து வைங்க. சில இடத்துல சம்மர்ல குறைஞ்சது ஒரு கோர்ஸாவது ரிஜிஸ்டர் ஆகி இருந்தா தான் ரூம் குடுப்பாங்க, அப்படின்னா கோர்ஸ் கேன்சல் ஆனா ரூம் என்ன ஆகும்னு கேட்டு வைங்க.

இப்போ நான் ரொம்ப அழுத்தி சொல்ல விரும்பற விஷயம், நடு நாள். ஸ்பிரிங் ரூம காலி பண்ற தேதிக்கும் சம்மர் ரூம் திறக்கற தேதிக்கும் நடுவுல சில நாள் இடைவெளி இருக்கும். எனக்கு முதல் வருஷம் எட்டு நாள். சனிக்கிழமை மதியம் 12 மணிக்குள்ள வெளில போகணும், அடுத்த ஞாயித்துக்கிழமை தான் புது ரூம். நான் கான்ட்ராக்ட்ல "மே"ன்னு பாத்ததோட சரி, தேதிய பாக்கல. ரெண்டு சூட்கேஸ், ஒரு ரைஸ் குக்கர், ஒரு அட்டைப்பெட்டி புத்தகம், தலகாணிய கையில இடுக்கிட்டு டார்ம் வாசப்படில உக்காந்து யாருக்கு ஃபோன் பண்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். ஒரு சீனியர் அக்கா தான் அவங்க அபார்ட்மென்ட் ஹால்ல இடம் குடுத்தாங்க, "ஹவுசிங் ஆஃபீஸ்ல இன்டெரிம்னு கேட்டியா தம்பி"ன்னு கேட்டாங்க, அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு தெரியாது. நிறைய யுனிவர்சிட்டில சம்மர்ல சேர போறவங்களுக்கு இந்த நடு நாளுக்குன்னு இன்டெரிம் ஹவுசிங் வச்சிருப்பாங்க, ஆனா முன்கூட்டியே ஃபார்ம் போடணும். முதல் செஷனுக்கும் ரெண்டாவது செஷனுக்கும் நடுவுலயும், சம்மருக்கும் ஃபாலுக்கும் நடுவுலயும் இதே இடைவெளி வரும். அதனால ஒரு பேப்பர்ல மே 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் தேதி எழுதி, ஒவ்வொரு ராத்திரியும் எங்க தூங்குவேன்னு பக்கத்துல எழுதுங்க. காலியா இருக்கற ராத்திரிக்கு ஏப்ரல்லயே வழி பண்ணிடுங்க.

பில்டிங் தேர்ந்தெடுக்க விட்டாங்கன்னா முதல்ல ஏ.சி இருக்கான்னு கேளுங்க. பழைய டார்ம் நிறையல ஏ.சி கிடையாது, செப்டம்பர்ல இருந்து மே வரைக்கும் இருக்கறதுக்குன்னு கட்டுனது அது. நம்மளுக்கு வெயில் பழக்கம் தானேன்னு நெனைக்காதீங்க, ஜன்னல் கொஞ்சம் தான் திறக்கும், மேல சீலிங் ஃபேன் இருக்காது, ஜூலைல மூணாவது மாடில ராத்திரி 2 மணிக்கும் சுவரு சூடா இருக்கும். ஏ.சி இல்லாத ரூம் தான் கிடைச்சுதுன்னா ஜூன் ஆரம்பத்துலயே ஜன்னல்ல வைக்கிற ஃபேன் வாங்கிடுங்க, வெயில் ஏறுனப்புறம் கடைல ஸ்டாக் இருக்காது. தனியா ஏ.சி மெஷின் வாங்கி மாட்டறதுக்கு முன்னாடி ஹவுசிங் விதிய படிங்க, பெரும்பாலும் அனுமதி இல்ல.

அடுத்தது கிச்சன். சம்மர்ல டைனிங் ஹால் எல்லாம் மூடி ஒண்ணோ ரெண்டோ தான் திறந்திருக்கும், அதுவும் ராத்திரி சீக்கிரம் மூடிடும், சனி ஞாயிறு இன்னும் மோசம். மீல் பிளான் கட்டாயமான்னு கேளுங்க, கட்டாயம் இல்லன்னா கிச்சன் உள்ள பில்டிங்க கேட்டு வாங்கி சமைச்சுக்கறது எல்லா விதத்துலயும் நல்லது. கேம்ப் நடக்கற வாரத்துல டைனிங் ஹால்ல மதியம் 12 மணிக்கு நூறு சின்ன பசங்க ஒரே டீஷர்ட்ல வரிசைல நிப்பாங்க, 11:30க்கே போயிடுங்க இல்ல 1 மணிக்கு போங்க.

படுக்க பெட்ஷீட் வாங்கும்போது டார்ம் மெத்தை பெரும்பாலும் ட்வின் எக்ஸ்.எல், 38 இஞ்ச் அகலம் 80 இஞ்ச் நீளம், சாதாரண ட்வின் ஷீட் நீளம் பத்தாது. உள்ள நுழைஞ்ச அன்னைக்கே ரூம்ல இருக்கற கீறல், கறை, உடைஞ்ச டிராயர் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து ரூம் கண்டிஷன் ஃபார்ம்ல எழுதிடுங்க. சூட்கேஸ் ஸ்டோரேஜ் வேணும்னா நாலஞ்சு பேரு சேந்து ஒரு யூனிட் எடுத்தா செலவு தெரியாது.

கிளாஸ் தொடங்குற வாரம்

முதல் நாள் கிளாஸுக்கு போகாம இருக்கவே கூடாது. ரெகுலர் செமஸ்டர்ல முதல் நாள் சிலபஸ் படிச்சுட்டு விட்டுடுவாங்க, சம்மர்ல முதல் நாளே ரெண்டு சாப்டர் போகும், அன்னைக்கு ராத்திரியே ஹோம்வொர்க் இருக்கும். புத்தகம் அதுக்கு முன்னாடியே கையில இருக்கணும், ஆர்டர் பண்ணி அஞ்சு நாள் காத்திருந்தா அதுக்குள்ள முதல் குவிஸ் முடிஞ்சிருக்கும். லைப்ரரி ரிசர்வ்ல (சில மணி நேரத்துக்கு மட்டும் குடுக்கற புத்தகம்) இருக்கான்னு பாருங்க, சம்மர்ல போட்டி கம்மி, எளிதா கிடைக்கும்.

சிலபஸ் கிடைச்ச அன்னைக்கே எல்லா தேதியையும் ஒரே தாள்ல எழுதி கட்டிலுக்கு எதிர்ல ஒட்டுங்க. எக்ஸாம், ப்ராஜெக்ட், டிராப் கடைசி நாள், வித்ட்ரா கடைசி நாள், ரீஃபண்ட் நாள் எல்லாம். லீவு நாளையும் குறிங்க, மே கடைசி திங்கள் மெமோரியல் டே, ஜூன் 19 ஜூன்டீன்த், ஜூலை 4. ஜூன்டீன்த் 2021ல தான் ஃபெடரல் லீவாச்சு, அதனால பழைய சிலபஸ்ல இருக்காது. லீவு விட்டா பாடம் குறையாது, அடுத்த நாள் ரெண்டு நாள் பாடம் சேந்து நடக்கும், இல்ல வெள்ளிக்கிழமை கிளாஸ் வைப்பாங்க.

முதல் வாரம் முடியறதுக்குள்ள ஒரு தடவயாவது ப்ரொஃபசரோட ஆஃபீஸ் ஹவருக்கு போங்க. சம்மர் கிளாஸ்ல 20 பேரு தான் இருப்பாங்க, பேரு சொல்லி கூப்பிடற அளவுக்கு தெரிஞ்சிடும், பின்னாடி ரெகமெண்டேஷன் லெட்டர் கேக்கும்போது இது எவ்ளோ உதவும்னு எனக்கு அனுபவத்துல தெரியும். ரெண்டாவது சம்மர்ல நான் வாரம் ரெண்டு தடவ போனேன், அந்த ப்ரொஃபசர் தான் அப்புறம் ஃபால்ல எனக்கு கிரேடர் (ஹோம்வொர்க் திருத்தற) வேலை குடுத்தார்.

டிராப் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி உக்காந்து உங்களையே கேளுங்க, இதுவரைக்கும் குடுத்த வேலை எல்லாத்தையும் நேரத்துக்கு முடிச்சேனா? ஹோம்வொர்க் ஒண்ணு ஏற்கனவே பாக்கி இருக்குன்னா, அது தானா சரியாகும்னு நம்பாதீங்க, சம்மர்ல பின்தங்குனா புடிக்கறதுக்கு வாரக்கடைசி மட்டும் தான் இருக்கு. டிராப் பண்ணா டிரான்ஸ்கிரிப்ட்ல எதுவும் வராது, அந்த தேதி தாண்டி விலகி வித்ட்ரா பண்ணா டபிள்யூ வரும், அதுவும் விட்டா கிரேடு தான். ஒரு டபிள்யூ ஒண்ணும் வாழ்க்கைய கெடுத்துடாது, ஆனா எஃப்-1ல சம்மரே முதல் டெர்ம் இல்ல கடைசி டெர்ம்னா டி.எஸ்.ஓ கிட்ட கேக்காம டிராப் பட்டன தொடாதீங்க.

ஒரு நாள் எப்படி போகணும்

ரெண்டாவது சம்மர்ல என் நாள் இப்படி போச்சு. காலைல 9 மணில இருந்து பதினொன்றரை வரைக்கும் கிளாஸ். முடிஞ்ச உடனே ரூமுக்கு போகாம நேரா லைப்ரரிக்கு போய் ஒரு மணி நேரம் அன்னைக்கு நடத்துனத கையால திரும்ப எழுதுவேன். அப்புறம் சாப்பாடு. 2ல இருந்து 5 வரைக்கும் ஹோம்வொர்க், வெளில வெயில் கொளுத்தற நேரம் லைப்ரரி ஏ.சில இருக்கறது தான் சுகமும். சாயங்காலம் 6 மணிக்கு மேல புத்தகத்த தொடமாட்டேன், நடக்கப்போவேன், சமைப்பேன். அமெரிக்கால வடக்கு பக்கம் ஜூன்ல ராத்திரி எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அந்த ரெண்டு மணி நேரம் தான் எனக்கு அந்த சம்மரோட நினைவே. கேம்பஸ் பூரா காலியா இருக்கும், புல்வெளில தண்ணி தெளிக்கற சத்தம் மட்டும் கேக்கும்.

கிழக்கு பக்கம் இருக்கறவங்களுக்கு இங்க ராத்திரி 10 மணின்னா ஊர்ல காலை ஏழரை. அம்மா காபி போடற நேரம், பேச ஆரம்பிச்சா 12 ஆயிடும், மறுநாள் 9 மணி கிளாஸ்ல கண்ணு சொக்கும். எங்க வீட்டுல இங்க காலைல 8 மணிக்கு, அவங்களுக்கு சாயங்காலம் ஐந்தரைக்கு பேசலாம்னு மாத்திக்கிட்டோம். கிளாஸுக்கு நடந்து போய்க்கிட்டே பேசிடுவேன்.

தனிமை வரும், அத மறைச்சு பிரயோஜனம் இல்ல. தெரிஞ்சவங்க பாதி பேரு போயிருப்பாங்க, பஸ் கம்மி நேரம் தான் ஓடும், மாடில மூணு ரூம்ல தான் லைட் எரியும். முதல் வாரத்துலயே கிளாஸ்ல ரெண்டு பேர புடிச்சு படிக்கற குரூப் ஒண்ணு ஆரம்பிங்க, படிப்புக்கும் ஆச்சு பேச்சுத்துணைக்கும் ஆச்சு. கவுன்சிலிங் சென்டர் சம்மர்லயும் திறந்திருக்கும், ஆனா கிளாஸ் எடுக்காதவங்களுக்கு உண்டான்னு இடத்துக்கு இடம் மாறும், முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மனசு கனமா இருக்குன்னா ஃபைனல் முடியட்டும்னு தள்ளாதீங்க, போய் பேசுங்க.

கிளம்பற வாரம்

ஃபைனல் எக்ஸாம் பெரும்பாலும் செஷனோட கடைசி கிளாஸ் நாள்லயோ அதுக்கு மறுநாளோ வந்துடும், தனியா எக்ஸாம் வாரம்னு இருக்காது. ரூம் காலி பண்றது அதுக்கு 24 மணி நேரத்துக்குள்ள இருக்கலாம். அதனால எக்ஸாமுக்கு ஒரு வாரம் முன்னாடி தினமும் ஒரு பெட்டின்னு கட்ட ஆரம்பிங்க. ஃபிளைட் டிக்கெட் போடறவங்க எக்ஸாம் தேதி சிலபஸ்ல உறுதி ஆனப்புறம் போடுங்க, டிக்கெட்ட காட்டி எக்ஸாம முன்னாடி வைக்க சொன்னா ப்ரொஃபசர் ஒத்துக்க மாட்டாங்க.

கிரேடு ஏறுன உடனே டிகிரி ஆடிட்ல (டிகிரிக்கு எது முடிஞ்சுது, எது பாக்கின்னு காட்டற பக்கம்) அந்த கோர்ஸ் சரியான கட்டத்துல விழுந்திருக்கான்னு பாருங்க. வெளி காலேஜ்ல எடுத்திருந்தா டிரான்ஸ்கிரிப்ட் தானா வராது, நீங்க தான் அனுப்ப சொல்லணும். போஸ்ட் ஆஃபீஸ்ல மெயில் ஃபார்வர்டிங் போட்டுடுங்க, இல்ல உங்க கடிதம் காலி டார்ம் பெட்டில கிடக்கும். புது அட்ரஸ போர்ட்டல்ல 10 நாளுக்குள்ள மாத்துங்க.

கடைசி நாள் ஃபிரிட்ஜ தொடச்சு, குப்பைய எடுத்துட்டு, உள்ள வந்த அன்னைக்கு எடுத்த அதே கோணத்துல ரூம திரும்ப ஃபோட்டோ எடுங்க. சாவிய டிராப் பாக்ஸ்ல போட்டுட்டு ஓடாம, கவுண்டர்ல ஆள் இருக்கற நேரத்துல போய் குடுத்து செக் அவுட் ரசீது வாங்குங்க. சம்மர்ல அந்த கவுண்டர் பெரும்பாலும் 5 மணிக்கே மூடிடும்.